ட்ரெவர் ரேபினின் சோலோக்களும் 'டிரான்ஸ்கிரைப்!' மென்பொருளும்

டர்பனில் ராக் கிட்டார் பழகும் நம் பிள்ளைகள் ஹெண்ட்ரிக்ஸ், கிளாப்டன் என்ற பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். 1954இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, ராபிட் என்னும் ராக் குழுவின் வழியாகத் தென்னாப்பிரிக்க இளைஞர்களைக் கிறங்கடித்து, பின்னர் யெஸ் என்னும் பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞரான ட்ரெவர் ரேபினின் சோலோக்களை, அதாவது பாடலுக்கு நடுவே வரும் தனிவாசிப்புகளை, எடுத்துப் பயில்பவர்கள் அரிது. ராபிட் காலத்தில் அவரது முகம் பேசப்பட்ட அளவுக்கு விரல்கள் பேசப்படவில்லை. யெஸ் குழுவிலோ, அவருக்கு முன் அங்கே கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஹௌவோடு ஒப்பிட்டே எடைபோடப்பட்டார்.

அவருடைய சோலோக்களைக் காதால் பிடித்து வாசிக்க முயல்வோருக்கு 'டிரான்ஸ்கிரைப்!' என்னும் கணினி மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைப்பது, குறித்த பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது, அந்த நொடியில் ஒலிக்கும் சுரங்களைத் திரையிலுள்ள பியானோ கட்டைகளின்மேல் வரைபடமாகக் காட்டுவது ஆகியவை இதன் முக்கிய வேலைகள். ரேபினின் அதிவேக வாசிப்புகளைப் பாதி வேகத்தில் கேட்கும்போது, ஒவ்வொரு சுரமும் பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகட்டால்) தட்டப்பட்டதா, இடக்கை விரலால் மட்டும் எழுப்பப்பட்டதா என்பது தெளிவாகிறது. வேகத்தை அதற்கும் கீழே இறக்கினால் ஒலி குழைந்துவிடுவதால் இந்த நுணுக்கம் மறைகிறது.

மென்பொருளின் எல்லை தெரியவரும் இடம், 1983இல் வெளியான யெஸ் குழுவின் '90125' தொகுப்பிலுள்ள 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாடலின் சோலோ. அதில் ஒரு மின்னணுக் கருவி, வாசிக்கப்படும் ஒவ்வொரு சுரத்தோடும் பஞ்சம இடைவெளியில் இன்னொரு சுரத்தைச் சேர்க்கிறது. நம் வழக்கில் சொன்னால் ஸட்ஜமும் பஞ்சமமும் கைகோத்தே நகர்கின்றன. வேண்டுமென்றே கரகரப்பாக்கிய (டிஸ்டார்ஷன்) கிட்டார் ஒலியில் இயல்பாகவே மேற்சுரங்கள், அதாவது மூலச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர் சுரங்கள், மிகுதியாக இருப்பதால், திரையில் பல முகடுகள் எழுகின்றன. அவற்றுள் விரல் அழுத்திய சுரம் எது, கருவி சேர்த்தது எது என்பதை வரைபடம் பிரித்துச் சொல்வதில்லை. இரண்டு வரிசைகளையும் தனித்தனியே வாசித்துப் பார்த்து, கைக்கு இயல்பாக அமைவதைத் தேர்வதே வழி. இந்தத் தேடலில்தான் ஃபிரெட் பலகை (விரல் அழுத்தும் கட்டைகளுள்ள கிட்டாரின் கழுத்துப் பகுதி) மனத்தில் பதிகிறது என்பதால், இதை நான் பெருங்குறையாகக் கருதவில்லை. வீணையோ வயலினோ சிறிது பழகிய மாணவர், தந்தியை இழுத்து வளைக்கும் இடங்களில் சுரம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதை மற்றவர்களைவிட விரைவில் கண்டுகொள்வார்.

ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்கும் பாடலை இதில் நேராகத் திறக்க முடியாது. கணினியில் ஒலிக்கோப்பு இருக்க வேண்டும். தோற்றம் பழைய பாணியிலானது. முப்பது நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பதால், பணம் கட்டுமுன் ஒரு சோலோவையாவது இறுதிவரை எழுதி முடித்துவிடுங்கள்.