ஜெர்மனியில் திருச்சபையை விட்டு விலகும் அரசு சேவை: கவுன்டரில் பத்து நிமிடம், கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு

ஜெர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபையையோ, எவாங்கெலிஷ் எனப்படும் சீர்திருத்தத் திருச்சபையையோ விட்டு விலக நினைப்பவர் போய் நிற்க வேண்டிய இடம் கோயில் அல்ல, அரசு அலுவலகம். விதிவிலக்கான பிரேமன் மாநிலத்தை விட்டுவிட்டால், பங்குத்தந்தையிடம் நேரில் சொன்னாலும் மறைமாவட்டத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினாலும் சட்டப்படி எதுவும் மாறாது. திருச்சபைக்காக அரசு வசூலிக்கும் திருச்சபை வரியைச் சம்பளத்தில் பிடிப்பது அப்படியே தொடரும். 1873 மே 14 அன்று பிரஷ்யா இயற்றிய விலகல் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு இது.

2022இல் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து மட்டும் 5,22,821 பேர் இப்படி விலகினார்கள். இதுவரை இல்லாத உச்சம் அது. 2024இல் அந்த எண்ணிக்கை 3,21,611 ஆகக் குறைந்தது. எவாங்கெலிஷ் பக்கம் ஏறத்தாழ 3,45,000. இத்தனை பேர் பயன்படுத்தும் சேவையை ஒரு சேவையாகவே எடைபோட வேண்டும். வேகத்துக்கும் எளிமைக்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் தகவல் சொல்வதில் இது தேறவே தேறாது. கையெழுத்துப் போட்டபின் வரி, வங்கிக் கணக்கு, வேலை, குடும்பம், நற்கருணை என்று ஒவ்வொன்றாக விளைவுகள் வரும். அவற்றில் ஒன்றைக்கூடக் கவுன்டரில் விளக்குவது வழக்கமில்லை.

எங்கே, எவ்வளவு, என்ன கொண்டுபோக வேண்டும்

நார்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன், பெர்லின் மாநிலங்களில் போக வேண்டியது 'ஆம்ட்ஸ்கெரிஷ்ட்' என்ற கீழமை நீதிமன்றம். கட்டணம் 30 யூரோ. பவேரியாவிலும் பாடன் வூர்ட்டம்பெர்க்கிலும் பிறப்பு, திருமணம் பதியும் 'ஷ்டாண்டெஸ்ஆம்ட்'. பவேரியாவில் 35 யூரோ அளவில் வாங்குகிறார்கள். பாடன் வூர்ட்டம்பெர்க்கில் ஊருக்கு ஊர் வேறுபடும். பிராண்டன்பூர்க்கில் கட்டணமே கிடையாது. நீங்கள் பதிந்திருக்கும் முகவரி எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும்.

ஜெர்மன் அடையாள அட்டை இருந்தால் அதுவே போதும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கூடவே முகவரிப் பதிவுச் சான்றையும் எடுத்துப் போக வேண்டும், ஏனென்றால் நம் கடவுச்சீட்டில் உள்ள முகவரி அவர்களுக்குப் பயன்படாது. திருமணமானவரிடம் சில ஷ்டாண்டெஸ்ஆம்ட்களில் திருமணச் சான்றும் கேட்பார்கள். திருமுழுக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் எந்த ஊரில், எந்த ஆண்டு திருமுழுக்குப் பெற்றீர்கள் என்று படிவத்தில் எழுதிவிடுவது நல்லது. பின்னாளில் பதிவேட்டைத் தேடும்போது குழப்பம் வராது.

காரணம் கேட்கமாட்டார்கள். நீங்களாகச் சொல்லத் தொடங்கினாலும் பதிவு செய்யமாட்டார்கள். நிபந்தனை போட்டும் விலக முடியாது: 'வரி செலுத்தும் அமைப்பிலிருந்து மட்டும் விலகுகிறேன், விசுவாசத்தில் நிலைக்கிறேன்' என்று ஓரத்தில் எழுதினால் அதிகாரி திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்படி எழுதிய ஒரு திருச்சபைச் சட்டப் பேராசிரியரின் வழக்கு 2012 செப்டம்பரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை போனது. திருச்சபையின் ஒரு பாதியிலிருந்து மட்டும் விலகுவது என்பது அரசுச் சட்டத்தில் இல்லை என்று நீதிமன்றம் தெளிவாக்கியது.

மின்னஞ்சல் செல்லாது. நேரில் போக முடியாதவர் நோட்டரி முன் கையெழுத்திட்டுச் சான்றுறுதி பெற்று அனுப்பலாம். நோட்டரி கட்டணம் தனி. இணையத்தில் 'நாங்கள் விலக்கித் தருகிறோம்' என்று பணம் வாங்கும் தனியார் தளங்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை படிவத்தை நிரப்பித் தருவதோடு சரி. அதை அச்சடித்து நீங்களேதான் அலுவலகத்துக்கோ நோட்டரியிடமோ எடுத்துப் போக வேண்டும். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உண்மையான தடங்கல் நேரம் வாங்குவதில்தான். திருச்சபையில் நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றிய அறிக்கை ஏதாவது வெளியானால் அந்த வாரமே எல்லா நேரமும் நிரம்பிவிடும். 2021இல் கொலோன் நீதிமன்றம் மாதத்துக்கு 1,000 ஆக இருந்த இடங்களை 1,500 ஆக உயர்த்தியது. பெருநகரங்களில் இணையவழி முன்பதிவில் இடமே தெரியாவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். மற்றவர் ரத்துசெய்த நேரங்கள் இடையிடையே திறக்கும்.

எந்தத் தேதியில் போவது

திருச்சபை வரி உங்கள் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்பது பரவலான தவறான புரிதல். அது வருமான வரியின் மேல் போடப்படும் வரி. பவேரியாவிலும் பாடன் வூர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. ஆண்டு வருமான வரி 6,000 யூரோ என்றால் திருச்சபை வரி 480 அல்லது 540. குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கான வரிவிலக்குத் தொகையைக் கழித்தே கணக்கிடுவார்கள் என்பதால் இன்னும் குறையும். செலுத்திய திருச்சபை வரியை ஆண்டு வரிக்கணக்கில் சிறப்புச் செலவாக முழுவதும் கழித்துக்கொள்ளலாம். ஆகவே விலகினால் மிச்சமாகும் உண்மையான தொகை, சம்பளச் சீட்டில் தெரிவதைவிடக் குறைவு. பணத்துக்காக மட்டும் முடிவெடுப்பவர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்களில் விலகல் அறிவித்த மாதத்தின் கடைசி நாளோடு வரிக்கடமை முடிகிறது. 30ஆம் தேதி போனால் அந்த மாதத்தோடு தீர்ந்தது. மறுநாள் 1ஆம் தேதி போனால் இன்னொரு மாதம் கட்ட வேண்டும்.

அதைவிட அதிகம் பேர் ஏமாறுவது பன்னிரண்டில் பங்கு போடும் கணக்கில். ஜூனில் விலகிவிட்டேன், டிசம்பர் போனஸுக்குத் திருச்சபை வரி கிடையாது என்று நினைப்பார்கள். சம்பளச் சீட்டில் அப்படித்தான் தெரியும். ஆண்டு வரிக்கணக்கு தாக்கல் செய்யும்போது வரி அலுவலகம் முழு ஆண்டு வருமான வரியையும் எடுத்து, நீங்கள் உறுப்பினராக இருந்த மாதங்களின் விகிதத்தில் பங்கு போடும். மேலே சொன்ன 540இல் ஆறு மாதத்துக்கு 270. போனஸும், வேலை முடிந்து வாங்கிய இழப்பீட்டுத் தொகையும் அந்த முழு ஆண்டுக் கணக்குக்குள் வந்துவிடும். பெரிய தொகை வரும் என்று தெரிந்து விலகுபவர், அந்தத் தொகை வரும் ஆண்டு தொடங்கும் முன்பே விலகியிருந்தால்தான் எதிர்பார்த்த பலன் கிடைக்கும்.

வங்கியில் வட்டி, பங்காதாயம் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல். வங்கிகள் ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை, உங்கள் மதக் குறியீட்டை மத்திய வரி அலுவலகத்தில் கேட்டு அடுத்த ஆண்டு முழுவதும் அதன்படியே பிடிக்கும். நவம்பரில் விலகினால் அடுத்த ஆண்டும் வங்கி பிடித்துக்கொண்டே இருக்கக்கூடும். அந்தப் பணம் போய்விடவில்லை. ஆண்டு வரிக்கணக்கில் 'அன்லாகே காப்' என்ற முதலீட்டு வருமானப் படிவத்தை இணைத்துத் திரும்பப் பெறலாம். வங்கிக்கு மதத் தகவல் போகவே கூடாது என்றால் ஜூன் 30க்குள் தடைக்குறிப்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

அந்த ஒரு தாள்

விலகியதும் ஒரு சான்று தருவார்கள். முகவரிப் பதிவு அலுவலகத்துக்கும், அதன் வழியாக வரி அலுவலகத்துக்கும், திருச்சபைக்கும் தகவல் தானாகப் போய்விடும். முதலாளியிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மின்னணு வரிக் குறியீட்டில் 'rk' (கத்தோலிக்கர்) அல்லது 'ev' (எவாங்கெலிஷ்) என்ற எழுத்து மறைந்துவிடும். அதனால் பலர் அந்தத் தாளை அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. பத்து, இருபது ஆண்டு கழித்து வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது, திருச்சபை வரி அலுவலகம் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்து உங்களை உறுப்பினர் என்று எழுதிக்கொள்ளலாம். விலகியதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். பழைய கோப்புகளை அலுவலகங்கள் எப்போதும் வைத்திருக்காது. அசலைப் பிறப்புச் சான்றோடு சேர்த்து வையுங்கள், ஸ்கேன் ஒன்றும் எடுத்து வையுங்கள்.

தம்பதியரில் ஒருவர் மட்டும் விலகினால்

அதிகம் சம்பாதிப்பவர் விலகி, வருமானம் இல்லாத அல்லது குறைந்த வருமானமுள்ள துணை உறுப்பினராகத் தொடர்ந்து, இருவரும் சேர்ந்து வரிக்கணக்கு தாக்கல் செய்தால் 'பெசொண்டரெஸ் கிர்ஷ்கெல்ட்' என்ற தனிக் கட்டணம் வரலாம். கூட்டு வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 96 முதல் 3,600 யூரோ வரை போகும். பவேரியா இதை 2018இலிருந்து எடுத்துவிட்டது. விலகியும் கடிதம் வருகிறதே என்று கொதிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினர்தான். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் கட்டணம் போகும், ஆனால் கூட்டுத் தாக்கலின் வரிச்சலுகையும் போகும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

பெற்றோர் விலகினால் பிள்ளைகள் தானாக விலகமாட்டார்கள். 14 வயதிலிருந்து பிள்ளையே முடிவெடுக்கலாம். 12 நிறைந்த பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக அதன் மதத்தை மாற்ற முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இது, இன்றும் நடைமுறையில் உள்ளது.

மருத்துவமனையில், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள்

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் செவிலியராக வந்தவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். காரித்தாஸ் உள்ளிட்ட கத்தோலிக்க நிறுவனங்களுக்கான பணி விதிகள் 2022 நவம்பரில் திருத்தப்பட்டன. மணமுறிவு, மறுமணம், ஒருபாலுறவு போன்ற சொந்த வாழ்க்கை விஷயங்கள் இனி வேலையைப் பாதிக்காது. விலகல் மட்டும் விதியில் அப்படியே நிற்கிறது: கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகியவரைப் பொதுவாக வேலைக்கு எடுக்கமாட்டார்கள், ஏற்கெனவே பணியில் இருப்பவர் விலகினால் பணிநீக்கம் வரை போகலாம். கத்தோலிக்கராகவே இல்லாத ஒருவர் அதே வார்டில் நிம்மதியாக வேலை செய்வார். கத்தோலிக்கராக இருந்து விலகியவருக்குத்தான் ஆபத்து. இது நியாயமல்ல என்பதே நம் கருத்து. ஆனால் விதி இருக்கும்வரை, ஒப்பந்தத்தைப் படித்து, பணியாளர் பிரதிநிதியிடம் கேட்டபிறகே நேரம் வாங்குங்கள்.

விசுவாசம் இருக்கிறது, வரிதான் வேண்டாம் என்பவர்களுக்கு

ஜெர்மன் ஆயர்கள் 2012 செப்டம்பரில் வெளியிட்ட ஆணைப்படி, அரசு அலுவலகத்தில் விலகியவர் நற்கருணையோ ஒப்புரவு அருட்சாதனமோ உறுதிபூசுதலோ பெற முடியாது. ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. பங்குப் பேரவையில் இருக்க முடியாது. கோயிலில் திருமணம் செய்ய ஆயரின் அனுமதி வேண்டும். மரணத் தறுவாயில் மட்டும் விலக்கு உண்டு. மனம் மாறியதற்கான அறிகுறி இல்லாமல் இறந்தால் திருச்சபை அடக்கச் சடங்கும் மறுக்கப்படலாம். நடைமுறையில் திருப்பலியில் வரிசையில் வருபவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை. தங்கை பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கப் போகும்போதுதான் தாள் கேட்பார்கள், அப்போதுதான் விஷயம் வெளிப்படும். எவாங்கெலிஷ் திருச்சபையில் இவ்வளவு கடுமை இல்லை. ஆனாலும் சபைத் தேர்தலில் வாக்கும் ஞானப்பெற்றோர் ஆகும் உரிமையும் போய்விடும்.

இந்தச் சேவையின் பெரிய குறை இங்கேதான். ஆயர்களின் நடத்தையால் காயப்பட்டு, ஆனால் செபத்தை விடாதவரும், கடவுளே இல்லை என்று முடிவு செய்தவரும் ஒரே படிவத்தில் ஒரே இடத்தில் கையெழுத்திடுகிறார்கள். 2023 நவம்பரில் வெளியான திருச்சபை உறுப்பினர் ஆய்வு, நாட்டு மக்களில் 56 சதவீதத்தினரை மதச்சார்பற்றவர்கள் என்றும் 13 சதவீதத்தினரை மட்டுமே திருச்சபையோடு ஒன்றிய பக்தர்கள் என்றும் வகைப்படுத்தியது. இடையில் கால்வாசிப் பேர், 25 சதவீதம், விலகியும் விலகாமலும் நிற்பவர்கள். அவர்களுக்கு ஏற்ற வழி எதுவும் இந்த அமைப்பில் இல்லை. குறைந்தபட்சம் மேலே சொன்ன விளைவுகளை ஒரே பக்கத்தில் அச்சிட்டு, கையெழுத்துக்கு முன் கையில் கொடுக்கலாம். 30 யூரோ வாங்கும் அலுவலகத்துக்கு அது பாரமே அல்ல.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொன்று. தமிழில் திருப்பலியும் மறைக்கல்வியும் நடத்தும் ஆன்மப் பணிக்கு மறைமாவட்டங்கள் செலவிடும் பணம் பெரும்பாலும் இந்த வரியிலிருந்தே வருகிறது. ஆகஸ்டில் கேவலார் மாதா யாத்திரைக்கு இந்துக்கள் உட்பட ஆயிரக்கணக்கான தமிழர்கள் கூடுகிறார்கள், அங்கே உறுப்பினரா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளையின் முதல் நற்கருணைக்குத் தயார் செய்யும் தமிழ்க் குரு யார் சம்பளத்தில் இருக்கிறார் என்பதையும் முடிவெடுக்கும்போது எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதிதாக ஜெர்மனிக்கு வருபவர்கள் முகவரிப் பதிவுப் படிவத்திலுள்ள மதக் கட்டத்தை நிதானமாக நிரப்புங்கள். உலகில் எங்கே திருமுழுக்குப் பெற்றிருந்தாலும் கத்தோலிக்கர் இங்கே உறுப்பினர்தான். பெந்தெகொஸ்தே, சுயாதீனச் சபையினர் 'எவாங்கெலிஷ்' என்று எழுதிவிட்டு, தாங்கள் ஒருநாளும் போகாத மாநிலத் திருச்சபைக்கு வரி கட்டுவது உண்டு. அந்தச் சபைகளுக்கு இந்த வரி இல்லை என்பதால் அவர்கள் அந்த வார்த்தையை எழுதவே கூடாது.

திரும்பிச் சேர நினைத்தால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம். கத்தோலிக்கர் எந்தக் குருவையும் பார்த்துப் பேசி, படிவம் நிரப்பி, ஆயரின் ஒப்புதல் பெற வேண்டும். எவாங்கெலிஷ் பக்கம் பெரிய நகரங்களில் மறுசேர்க்கைக்கென்றே அலுவலகங்கள் இருக்கின்றன. ஓர் உரையாடலும் ஒரு கையெழுத்தும் போதும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. விலகல் சான்றை எடுத்துப் போனால் வேலை சீக்கிரம் முடியும். வரிப் பிடித்தம் சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் தொடங்கும்.