வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஃபிலிம் கெபாசிட்டர்: பொருத்திப் பார்த்த பிறகு

நானே கட்டிய வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில், நேர்மின்சாரத்தைத் தடுத்து இசையை மட்டும் ஹெட்போனுக்கு விடும் இரண்டு எலக்ட்ரோலிட்டிக் (உள்ளே திரவம் உள்ள) கெபாசிட்டர்களைக் கழற்றிவிட்டு, 100 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் (மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டால் ஆன) கெபாசிட்டர்களைப் பொருத்தி மூன்று வாரம் ஆகிறது. வாங்க நினைப்பவர்கள் முதலில் ஸ்கேலை எடுங்கள். பழையது கட்டைவிரல் பருமன்தான். புதியது என் கைப்பிடிக்குள் அடங்கவில்லை. அதே அளவில் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, சேஸிஸுக்குள் வைத்துப் பார்த்த பிறகே வாங்கினேன். அப்படியும் ஒன்றைப் படுக்கத்தான் வைக்க முடிந்தது.

சிறியதாகப் போட்டால் என்ன? அந்த ஆசையிலும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். எல்லோரும் புகழ்ந்த 4.7 மைக்ரோஃபாரட் ஒன்றைப் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து அடித்தொனி காணாமலே போயிற்று. கணக்குப் போட்டால் காரணம் புரியும். என் ஹெட்போனின் மின்தடை 300 ஓம். அதற்கு 4.7 என்றால் 100 ஹெர்ட்ஸ் அருகிலேயே ஒலி சரியத் தொடங்கும். 100 என்றால் சரிவு 5 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். இரு வால்வுகளுக்கு இடையே 0.1 போதும், ஏனென்றால் அங்கே எதிரில் இருக்கும் மின்தடை 470 கிலோ ஓம், தடை கூடக் கூடச் சிறிய கெபாசிட்டரே போதும். புகழ் பெற்றவையெல்லாம் அந்த இடத்துக்கானவை. உங்களுடையது 32 ஓம் ஹெட்போன் என்றால் 100 கூடப் பற்றாது, 50 ஹெர்ட்ஸிலேயே சரிவு வந்துவிடும்.

பொருத்தும்போது இரண்டு விஷயங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மல்டிமீட்டர் ஒரு வோல்ட்டுக்குக் கீழே காட்டும்வரை கை வைக்காதீர்கள். ஃபிலிமில் கசிவு மிகக் குறைவு. மின்னூட்டத்தை வடிக்கும் ரெசிஸ்டரின் இணைப்பு விட்டுப்போயிருந்தால் நெடுநேரம் பிடித்துவைத்திருக்கும். அடுத்தது சூடு. இதில் இருக்கும் 6080 என்ற வால்வின் ஹீட்டர் மட்டுமே கிட்டத்தட்ட 16 வாட் தின்கிறது. அதன் சாக்கெட்டை ஒட்டி இந்தப் பிளாஸ்டிக்கை வைக்கக்கூடாது. ஈயம் பற்றவைக்கும்போது கம்பியைக் குறடால் கவ்விப் பிடித்தால் சூடு உள்ளே ஏறாது. துருவம் இல்லாததால் எந்தப் பக்கம் மாட்டினாலும் சரிதான், அந்த ஒரு கவலை இல்லை.

ஒலி? முதலில் இடப்பக்கம் மட்டும் மாற்றி, மோனோ பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். இடது காதில் ஃபிலிம், வலது காதில் பழையது. இடப்பக்கம் தெளிவு கூடுதல் என்று மனம் துள்ளியது. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். அப்போதும் இடது காதுதான் தெளிவு! கெபாசிட்டரின் சிறப்பு அன்று, என் வலது காதின் முதுமை. திரை விலகியது, மேடை விரிந்தது என்றெல்லாம் எழுதுகிறவர்கள் ஒருமுறை இப்படித் திருப்பி மாட்டிப் பார்க்கட்டும்.

பிறகு ஏன் வைத்துக்கொண்டேன்? கழற்றிய பழையவற்றை அளந்தபோது ஒன்று 96 மைக்ரோஃபாரட், மற்றது 68. அந்த 68-உம் 300 ஓமில் காதுக்குப் பிடிபடாத குறைதான். ஆனால் உள்ளே திரவம் உலர்கிற சாமான், இன்னும் இறங்கும். புதியவை இரண்டும் 99-ஐத் தாண்டின. உலர இவற்றில் திரவமே இல்லை.

குறை ஒன்று: கம்பிக் கால்கள் கட்டைகுட்டையாக இருக்கின்றன. இரண்டுக்கும் ஒட்டுக் கம்பி போட வேண்டியிருந்தது.