பரேல் ஹாஃப்கின் நிறுவனம்: குடுவையில் நெய் மிதந்த மாளிகை

மும்பை பரேலில், கே.ஈ.எம். மருத்துவமனை இருக்கும் அதே ஆச்சார்ய தோண்டே மார்க்கில் ஹாஃப்கின் நிறுவனம் இருக்கிறது. இது மகாராஷ்டிர அரசின் ஆய்வு, பயிற்சி, பரிசோதனை நிறுவனம்; ஒரு காலத்தில் பிளேக் தடுப்பூசி தயாரான இடம். உள்ளே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. ஆனால் பார்க்க வேண்டிய பெரிய பொருள் கட்டடம்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அழகான பழைய கட்டடம் பார்க்கும் ஆசையில் மட்டும் போனால் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவீர்கள். அலங்காரத்தில் இதை மிஞ்சும் கட்டடங்கள் மும்பையில் தெருவுக்கு ஒன்று உண்டு. அந்த அறைகளில் என்ன காய்ச்சினார்கள், எதைக் கலந்தார்கள், எங்கே தவறு நேர்ந்தது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஒரு காலைப்பொழுது போதாது.

கட்டடத்தின் கதை போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்குகிறது. முதலில் இது கத்தோலிக்கத் துறவிகளின் மடமும் தேவாலயமும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதைப் பறிமுதல் செய்தார்கள். 1771இல் பம்பாய் ஆளுநரான ஹார்ன்பி இதைத் தன் இருப்பிடமாக்கினார். தேவாலயமாக இருந்த கூடம் விருந்து மண்டபமானது. அதற்கு நேர் மேலே நடனக்கூடம். இரண்டும் 75 முதல் 80 அடி நீளம் இருக்கும் என்று 1820களில் இங்கே தங்கிய கல்கத்தா ஆயர் (பிஷப்) ஹீபர் எழுதி வைத்திருக்கிறார். உள்ளே போக அனுமதி கிடைத்தால், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இந்த இரண்டு கூடங்களைத்தான் முதலில் கேளுங்கள்.

1882இல் ஆளுநர் சர் ஜேம்ஸ் ஃபெர்குசனின் மனைவி காலராவால் இறந்தார். அதன்பின் ஆளுநர்கள் பரேலைக் கைவிட்டு மலபார் முனைக்குக் குடிபோனார்கள். சுற்றிலும் ஆலைகளும் நெரிசலுமாகப் பரேல் மாறிக்கொண்டிருந்த காலம் அது. காலராவுக்குப் பயந்து காலியான வீடு கடைசியில் போய்ச் சேர்ந்தது, 1892இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காலராவுக்குத் தடுப்பூசி செய்து தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த மனிதரின் கையில். ஒடெசாவில் பிறந்த யூதரான வால்டெமார் ஹாஃப்கின் 1893இல் கல்கத்தா வந்து, காலரா தடுப்பூசியைத் தூக்கிக்கொண்டு வட இந்தியா முழுவதும் அலைந்தவர்.

1896இல் பம்பாயில் பிளேக் வெடித்ததும், அக்டோபரில் அவரை வரவழைத்தார்கள். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தார்கள். உதவிக்கு ஓர் எழுத்தர், மூன்று பியூன்கள். மூன்றே மாதத்தில் தடுப்பூசி மருந்து தயார். 1897 ஜனவரி 10ஆம் தேதி 10 மி.லி. அளவைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். பின்னாளில் மக்களுக்குக் கொடுத்த அளவைப் போல இது மூன்று நான்கு மடங்கு. காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் கடும் வலியும் வந்து தணிந்தன. அதே மாதக் கடைசியில் பைகுலா சிறைக்குள் பிளேக் நுழைந்தபோது, முன்வந்த கைதிகளுக்குப் போட்டார்கள். போட்டுக்கொள்ளாதவர்களிடையே நோயும் சாவும் தெளிவாகவே அதிகம். ஆய்வுக்கூடம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. இஸ்மாயிலி முஸ்லிம்களின் சமயத் தலைவர் ஆகா கான் மசகாவில் இருந்த தன் குஷ்ரு லாட்ஜ் என்ற கட்டடத்தை விட்டுக்கொடுத்தார். பரேல் மாளிகை இதற்கிடையில் பிளேக் மருத்துவமனையாகவும் இருந்திருக்கிறது. 1899 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு இங்கே பிளேக் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தார்.

மாளிகையில் தயாரான மருந்தை ஒரு தயாரிப்பாக எடுத்துக்கொண்டு எடைபோட வேண்டும். அதன் செய்முறையில் இந்த ஊரின் வாசனை அடிக்கிறது. ஐரோப்பாவில் கிருமி வளர்க்க மாட்டிறைச்சிச் சாறு வழக்கம். இங்கே அதை உடம்பில் ஏற்றிக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? ஆகவே ஆட்டுக்கறியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வேகவைத்துக் கரைத்து, காரம் சேர்த்து அமிலத்தை முறித்து, வடிகட்டிச் சாறு எடுத்தார்கள். தட்டையான அடியுள்ள பெரிய குடுவைகளில் அதை ஊற்றி, மேலே சில சொட்டு நெய் விட்டார்கள். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயும் ஆகும். சாற்றின் மேல் நெய் மிதக்கும். பிளேக் கிருமி அந்த நெய்த்துளியின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, சுண்ணாம்புக் குகைக் கூரையிலிருந்து தொங்கும் விழுதுபோலக் கீழ்நோக்கி வளரும்.

நெய் அலங்காரத்துக்கு அல்ல. அதனால் இரண்டு வேலை நடந்தது. ஒன்று, குடுவையை ஆட்டினால் விழுதுகள் உதிர்ந்து அடியில் படியும், மேலே புதிய விழுது தொடங்கும். ஒரே குடுவையில் திரும்பத் திரும்ப அறுவடை. இரண்டு, அது ஒரு தரப் பரிசோதனையாகவும் இருந்தது. வேறு கிருமி புகுந்திருந்தால் இப்படி விழுது இறங்காது, சாறு கலங்கும். விழுது வேண்டுமானால் வளரும் வேளையில் குடுவையை அசைக்கக் கூடாது. சின்ன அதிர்வு போதும், ஒடிந்துவிடும். தடித்த சுவருள்ள கல் மாளிகை இதற்கு வாய்த்தது நல்லதாகப் போயிற்று. பிளேக் கிருமிக்கு மனித உடம்பின் சூடு தேவையில்லை, 28 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் போதும். அது பம்பாயின் காற்றிலேயே இருந்தது.

ஐந்தாறு வாரம் கழித்து 65 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கிக் கிருமியைக் கொல்வார்கள். பிறகு கிருமிநாசினியாக அரை சதவீதம் கார்பாலிக் அமிலம் சேர்த்து, குப்பியில் அடைத்துத் தக்கை போட்டு மூடுவார்கள். செத்த கிருமியை மட்டும் பிரித்தெடுக்காமல், அது வளர்ந்த சாற்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். சாற்றில் ஊறியிருக்கும் நஞ்சுக்கும் உடம்பு பழக வேண்டும் என்பது ஹாஃப்கினின் கணக்கு.

மருந்தின் தரம்? நோய் வருவதையும், வந்தால் சாவதையும் அது குறைத்தது. குறைகளும் இருந்தன. போட்டவருக்கு ஓரிரு நாள் காய்ச்சலும் கைவலியும் நிச்சயம். ஆலைத் தொழிலாளிக்கு அது கூலி இழப்பு. காப்பு மாதக்கணக்கில்தான் நிற்கும். நெறிகட்டும் பிளேக்குக்கு உதவிய அளவுக்கு நுரையீரல் பிளேக்குக்கு உதவவில்லை. ஆனால் பலன் தரும் வேறு மருந்தே இல்லாத நாளில் வந்தது என்பதை மறந்து எடைபோட முடியாது. 1897க்கும் 1925க்கும் இடையில் 2 கோடியே 60 லட்சம் ஊசி அளவுகள் பம்பாயிலிருந்து வெளியே போயின.

பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் நடந்ததைப் பற்றித் தெரியாமல் இந்த இடத்தைப் பார்த்து ஒரு பயனும் இல்லை. 1902இல் பஞ்சாப் அரசு பெரிய அளவில் தடுப்பூசி இயக்கம் நடத்தியது. கேட்ட அளவுக்குப் பரேலால் பழைய முறையில் கொடுக்க முடியவில்லை. வேகத்துக்காகச் செய்முறையை மாற்றினார்கள்: சாற்றுக்குப் பதில் அகர் என்ற கடற்பாசிக் கூழில் கிருமி வளர்ப்பது, கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் நம்புவது. 1902 அக்டோபர் 30ஆம் தேதி முல்கோவால் கிராமத்தில் ஐந்து குப்பிகளிலிருந்து 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் 53என் என்ற ஒரே குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேருக்கு மட்டும் ஒரு வாரம் கழித்து ரணஜன்னி (டெட்டனஸ்) கண்டது. 19 பேரும் இறந்தார்கள்.

விசாரணைக் குழு பரேலைக் குற்றம் சாட்டியது; கார்பாலிக் அமிலத்தை விட்டதுதான் காரணம் என்றது. ஹாஃப்கின் பதவி இழந்தார். இந்தத் தீர்ப்பை முறித்த வாதங்கள் மூன்று. குப்பியைத் திறந்த மருத்துவர் முகர்ந்து பார்த்தபோது கெட்ட வாடை இல்லை. ரணஜன்னிக் கிருமி பல வாரம் உள்ளே வளர்ந்திருந்தால் நாற்றம் மூக்கைத் துளைத்திருக்கும். அடுத்தது, அப்படி வளர்ந்திருந்தால் நஞ்சு முன்பே திரண்டிருக்கும், ஒரு வாரம் காத்திராமல் நோய் சீக்கிரமே கண்டிருக்கும். மூன்றாவது, அன்று காலை உதவியாளர் தக்கை பிடுங்கும் இடுக்கியைத் தரையில் போட்டுவிட்டு, நெருப்பில் வாட்டாமல் கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டு, அதையே பயன்படுத்தினார் என்ற சாட்சியம். மண்ணில் இருப்பது ரணஜன்னிக் கிருமியின் வித்து, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம். அது நெருப்புக்குச் சாகும், அலசலுக்குச் சாகாது. அரை சதவீதக் கார்பாலிக் அமிலமும் வித்தைக் கொல்லாது என்பதால், குழு பிடித்துக்கொண்ட காரணமே வலுவற்றது. 1907 ஜூலையில், மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட பத்து அறிவியலாளர்கள் லண்டன் டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு பழி நீங்கியது. ஆனால் ஹாஃப்கின் திரும்பி வந்தது கல்கத்தாவுக்கு. பரேல் மாளிகை மீண்டும் அவர் பொறுப்பில் வரவில்லை. ஒரு குப்பியைத் திறக்கும் கை தவறினால் பல நாள் உழைப்பும் ஒரு மனிதரின் வாழ்க்கைப் பணியும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தடுப்பூசி வரலாற்றில் குறைவு. ஹாஃப்கினின் சாதனையைச் சொல்லும் எந்த விளக்கமும் அந்த 19 பேரை ஒரு வரியில் தாண்டக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கூடத்தை விட்டு வெளியே வந்தால் வளாகத் தரையையும் பாருங்கள். எலித்தெள்ளுதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று 1898இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. பரேல் ஆய்வுக்கூடத்தின் கிளென் லிஸ்டன் அந்தத் திசையில் தொடர்ந்தார். 1905இல் அமைந்த பிளேக் ஆய்வுக் குழு இந்த வளாகத்தில் சிறு குடில்கள் கட்டிச் சோதித்தது. நோயுற்ற கினிப்பன்றிகளோடு நல்ல கினிப்பன்றிகளை நெருக்கமாக அடைத்தார்கள். தெள்ளு இல்லாவிட்டால் ஒன்றுக்கும் நோய் ஒட்டவில்லை. தெள்ளு நிறைந்த குடிலில் தரையில் விட்டவைக்கும், தரையிலிருந்து 2 அங்குல உயரத்தில் வைத்த கூண்டில் இருந்தவைக்கும் நோய் வந்தது; 2 அடி உயரத்தில் தொங்கவிட்டவை தப்பின. எலித்தெள்ளு தாவுவது ஏறத்தாழ 4 அங்குலம்தான். எலியை ஒழிப்பது என்ற பொதுச் சுகாதார வேலைக்கு உறுதியான அடிப்படை இந்தக் குடில்களிலிருந்து வந்தது. எங்கள் பார்வையில், தடுப்பூசிக்கு இணையான பங்களிப்பு இது. வருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்பது அரிது, நீங்கள் கேளுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1906இல் பம்பாய் பாக்டீரியாவியல் ஆய்வுக்கூடம் என்று பெயர் மாறியது. 1925இல் ஹாஃப்கின் பெயர் வந்தது. அவர் உயிரோடிருக்கையிலேயே வந்தது என்பதில் ஓர் ஆறுதல். 1932இல் சாஹிப் சிங் சோகே முதல் இந்திய இயக்குநரானார். 1970களில் மருந்து உற்பத்தியைத் தனி அரசு நிறுவனமாகப் பிரித்தார்கள். அதனால் பாம்புக்கடி மருந்தும் போலியோ சொட்டு மருந்தும் ஹாஃப்கின் பெயரில் வந்தாலும் அது வேறு நிர்வாகம், விசாரிக்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி போகும் வழி. இது வேலை நடக்கும் ஆய்வுக்கூடம், சுற்றுலாத் தலம் அல்ல. திடீரென்று வாசலில் போய் நிற்காமல், எத்தனை பேர், எந்த நாள், என்ன நோக்கம் என்று முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். கல்லூரிக் குழுவென்றால் கல்லூரித் தலைப்புத்தாளில் எழுதுவது நல்லது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். எதைப் படம் எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு எடுங்கள். மகாராஷ்டிர அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள்தான் வேலை என்பதால் சனி, ஞாயிறைத் தவிருங்கள். மத்திய ரயில் பாதையில் வந்தால் பரேல் நிலையம், மேற்குப் பாதையில் வந்தால் பிரபாதேவி. சென்னையிலிருந்து வருகிறவர்கள் தாதரில் இறங்கி டாக்சி பிடிக்கலாம். ஓட்டுநருக்கு ஹாஃப்கின் பிடிபடாவிட்டால் கே.ஈ.எம். என்றால் போதும். மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை: கனமழை கொட்டினால் தாதருக்கும் பரேலுக்கும் நடுவில் உள்ள ஹிந்த்மாதா சந்திப்பில் தண்ணீர் தேங்கிப் போக்குவரத்து நின்றுவிடும். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.