பழைய அம்பாசிடரின் ஒயரிங்: பதினொரு ஆண்டுகளில் நான் அளந்து அறிந்தவை

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1986ஆம் ஆண்டின் பெட்ரோல் வண்டி. அப்பச்சி வாங்கி, கானாடுகாத்தான் வீட்டின் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் வைத்துப் பேணிவந்த அந்த வண்டி, 2013இல் என் பொறுப்புக்கு வந்தது. மறு ஆண்டே உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது என்றாலும், இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வேண்டிய உதிரிப் பாகங்கள் தேடினால் கிடைத்தன. கைதேர்ந்த மெக்கானிக்குகளும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்தார்கள். என்னை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது ஒயரிங் ஒன்றுதான். பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் இது பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் இத்தகைய வண்டிகளுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. குடும்பங்கள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழ்வதால், வீடு பூட்டிக் கிடப்பதைப் போலவே வண்டியும் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் பொங்கலுக்கும் மட்டும் வெளியே வரும். அன்றாடம் ஓடும் வண்டியில் சுவிட்சின் முனைகள் ஒன்றோடொன்று உரசித் தம்மைத் தாமே ஓரளவு துலக்கிக்கொள்கின்றன. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியிலோ ஒவ்வொரு இணைப்பின் மேலும் மெல்லிய களிம்பு படிகிறது. அதன்மேல் சித்திரை வெயிலின் செம்மண் தூசியும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும் சேர்ந்துகொண்டால், வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தெரியும் இணைப்பும் உள்ளே மின்சாரத்தைத் தடுக்கத் தொடங்கிவிடும். அரிமானத்தையும் பேட்டரியையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு எங்கள் காரைக்குடியிலேயே இயங்கிவருகிறது. பலமுறை அதன் வாசலைக் கடந்து சென்றிருந்தும், அரிமானம் என்பது என் பானட்டுக்கு அடியிலேயே நடந்துகொண்டிருக்கிறது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

முதல் தொல்லை செல்ஃப் எடுக்காமல் போனது. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஓர் ஒலி மட்டும் வரும். சில நாள்களில் தளர்ச்சியாகச் சுற்றும். புதிய பேட்டரி வாங்கினேன், இரண்டு வாரம் சரியாக இருந்தது. பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புதிய கார்பன் போட்டோம், அப்போதும் அதே நிலைதான். மூன்றாவதாக ஒரு பட்டறையில் சாவி சுவிட்சை மாற்றினார்கள். இவ்வளவு செலவுக்கும் பிறகு, குன்றக்குடி கோயில் வாசலில் வண்டியைத் தள்ளிக் கிளப்ப வேண்டியிருந்தது.

தேவகோட்டையில் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன், நான் மாற்றியவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, சோக் ஒயரைத் தொட்டுப் பாத்தீங்களா? சூடா இருக்குமே" என்றார். தொட்டேன், சூடாகத்தான் இருந்தது. முன்பே அதைக் கவனித்திருந்தும் இஞ்சின் வெப்பம் என்று எண்ணியிருந்தேன். இஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் இஞ்சினுக்கும் நடுவே மின்சாரம் திரும்பி வருவதற்குப் பின்னல் செம்புப் பட்டை ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அந்த எர்த் பட்டை கெட்டுவிட்டால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகள் வழியே திரும்ப முயல்கிறது. அந்தச் சூட்டுக்கு அதுவே காரணம்.

அவர் எனக்குக் கற்றுத்தந்த சோதனையைத்தான் இன்றுவரை நான் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் மறு முனையை இஞ்சின் உலோகத்திலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். நல்ல எர்த்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. என் வண்டியில் 1.9 வோல்ட் காட்டியது. பாசிட்டிவ் கேபிளில் 0.4 வோல்ட் போயிற்று. பேட்டரியில் 10.6 வோல்ட் இருந்த அதே நொடியில் மோட்டாருக்குக் கிடைத்தது 8.3 வோல்ட் மட்டுமே. புதிய பேட்டரியும் புதிய கார்பனும் இதற்கு என்ன செய்ய முடியும்?

இதில் ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மல்டிமீட்டரின் பீப் ஒலியை வைத்து ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்போது, 0.01 ஓம் தடை மட்டும் இருந்தாலே 1.5 வோல்ட் பறிபோய்விடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரால் காட்ட இயலாது. இருபது இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் பீப் ஒலி எழும். ஆகவே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை உப்புத்தாள் கொண்டு பளபளப்பாகத் தேய்த்து, புதிய பட்டையை இறுக்கி, மேலே வாஸ்லின் பூசியபின் எர்த்தில் 0.15 வோல்ட்தான் காட்டியது. அந்தப் பட்டையின் விலை, நான் வீணாக மாற்றிய பொருள்களின் விலையில் ஒரு சிறு பகுதிகூட இல்லை.

ஹெட்லைட் கதையும் இதையொத்ததே. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக இரவில் திரும்பும்போது, திருமயம் கடந்ததும் எதிர்வரும் வண்டிகளின் வெளிச்சத்தில் எனக்குச் சாலை ஓரமே தெரியாமல் போகும். பல்பை மாற்றியும், கண்ணாடியைத் துடைத்தும் பயனில்லை. அளந்தபோது, ஓடும் இஞ்சினில் பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பில் 10.9 வோல்ட். ஒவ்வொரு கட்டமாகப் பின்தொடர்ந்ததில் ஹெட்லைட் சுவிட்சில் 1.1, டிம்-பிரைட் சுவிட்சில் 0.6, நடு இணைப்புகளில் 0.5, எர்த்தில் 0.8 என்று களவு போயிருந்தது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். என் வண்டியில் பாதி வெளிச்சம்கூடக் கிடைத்திருக்காது. 60/55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து இழுக்கும் ஒன்பது பத்து ஆம்பியரையும் பழைய சுவிட்சே சுமந்துகொண்டிருந்தது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்களை (சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுகள்) பொருத்தி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேராகத் தடித்த ஒயர் இழுத்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் கொடுத்தேன். இப்போது சுவிட்ச் சுமப்பது ரிலேயின் சிறிய மின்சாரத்தை மட்டுமே. பல்பில் 13.3 வோல்ட் வருகிறது. இந்த வண்டிக்கு நான் செய்தவற்றுள் மனநிறைவு தந்த வேலை இதுவே. ரிலே போடுவோர் ஃப்யூஸைப் பேட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும்; எங்கள் வண்டியில் ஹெட்லைட்டுக்கு முதலில் ஃப்யூஸே இல்லை.

இடப்புற இண்டிகேட்டர் போட்டால் பின்னால் டெயில் விளக்கும் சேர்ந்து மினுங்கியது. பல்பு ஹோல்டரின் எர்த் துருப்பிடித்து, மின்சாரம் பக்கத்து இழை வழியே திரும்பியதே காரணம். அரை மணி நேரத்தில் முடிந்த வேலை அது.

வண்டி நின்ற இடத்திலேயே பேட்டரி இறங்கியதற்குக் காரணம் காண அதிக நாள் பிடித்தது. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைத்தால் எவ்வளவு கசிகிறது என்று தெரிந்துவிடும். (அந்நேரத்தில் செல்ஃப் அடித்தால் மீட்டர் கெட்டுவிடும்.) கணினி எதுவும் இல்லாத இந்த வண்டியில் கசிவு ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும், காட்டியதோ 0.35 ஆம்பியர். ஒரு நாளைக்கு 8.4 ஆம்பியர்-மணி என்றால், 50 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாளில் காலி. ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்ததில், எப்போதோ பொருத்திய டேப்பின் ஆம்ப்ளிஃபையர் சாவியைக் கேட்காமல் நேரடியாகப் பேட்டரியில் இணைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதே இடத்தில், வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி ஒயரையும் கண்டேன். வண்டியின் அதிர்வில் ஒற்றைக் கம்பி நாளடைவில் முறிந்துவிடும். பல இழை ஒயரைத் தவிர வேறெதையும் காரில் பயன்படுத்தக் கூடாது. இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு இணைப்புகள் பதினேழையும் நீக்கி, கிரிம்பிங் பிளையர் கொண்டு ஒயர் முனைகளில் லக் (உலோக முனைப்பு) அழுத்தி, ஸ்லீவ் போட்டு மூடினேன். ஈயம் வைத்துப் பற்றவைப்பதையும் முயன்றேன். ஈயம் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, இரண்டு இணைப்புகள் அங்கேயே முறிந்ததால் கைவிட்டேன்.

2018 கார்த்திகையில் எலி கடித்தது. பின்கட்டுத் தானிய அறையிலிருந்து வரும் எலி, டேஷ்போர்டுக்குப் பின்னால் கூடு கட்டியிருந்தது. ஒயரின் தோல் போய்ச் செம்பு வெளியே தெரிந்த இடம் பாடியில் பட்டிருந்தால், மூடிய கொட்டகையில் வண்டியோடு வீட்டின் பர்மா தேக்கும் எரிந்திருக்கும். அந்த எண்ணம் பல நாள் என்னை உறங்கவிடவில்லை. புகையிலை, மிளகு, கற்பூரம் என்று ஊரார் சொன்ன அனைத்தையும் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. கொட்டகையின் வடிகால் துளைகளுக்குக் கம்பிவலை அடித்ததும், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தியதுமே பலன் தந்தன. ஊருக்குப் புறப்படும் முன் அந்தச் சுவிட்சை அணைப்பது இப்போது வீட்டைப் பூட்டுவதைப் போன்ற கடமையாகிவிட்டது.

முழு ஒயரிங்கையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டுவிடும்படி பலர் சொன்னார்கள். எலி கடித்த டேஷ்போர்டுப் பகுதியை மட்டும் மாற்றினேன், மற்றதை விட்டுவிட்டேன். பழைய ஒயர்களில் பிரிட்டிஷ் கார்களின் நிற முறை எஞ்சியிருந்தது: பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி வழியாக வருவது, பச்சை அதிலிருந்து ஃப்யூஸைக் கடந்து வருவது, சிவப்பு டெயில் விளக்குக்கு, நீலம் ஹெட்லைட்டுக்கு, கறுப்பு எர்த். இந்த ஒழுங்கு தெரிந்தபின், கையில் இருக்கும் ஒயர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாதி நேரம் மீட்டர் இல்லாமலே சொல்ல முடிகிறது. அதை அழித்துவிட்டு, கையில் கிடைத்த நிறத்தில் எல்லாம் இழுத்த புதிய ஒயரிங்கை நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

சென்ற தை மாதம் குடும்பத்தோடு பிள்ளையார்பட்டிக்கும், பின் திருச்சிக்கும் சென்று இரவில் திரும்பினோம். ஒரு முறைகூடத் தள்ளவில்லை. பெட்ரோல் முள் மட்டும் இண்டிகேட்டர் போடும்போது தாளத்தோடு ஏறி இறங்குகிறது. டேஷ்போர்டுக்கான எர்த்தில் 0.6 வோல்ட் இழப்பு இருப்பதை அளந்துவிட்டேன். அதற்கான கறுப்பு ஒயரும் லக்கும் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலை அதுதான்.