முகப்பா, பெயரா, எஞ்சினா? பழைய ஐரோப்பிய லாரிகளை எதை வைத்து இனங்காண்பது

பழைய லாரிப் படம் ஒன்று கைக்கு வந்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் முகப்புக்குத்தான் போகும். கிரில் எப்படி, ஹெட்லைட் வட்டமா சதுரமா, முன்கண்ணாடி ஒன்றா இரண்டா என்று பார்ப்போம். கார் என்றால் இது பெரும்பாலும் போதும். 1960களிலிருந்து 1980கள் வரை ஐரோப்பாவில் ஓடிய கனரக லாரிகளிடம் இந்த வழி அடிக்கடி ஏமாற்றிவிடும். இரும்புத் தகட்டில் கேபின் அடிப்பதற்கு அச்சுகள் செய்வது பெரிய செலவு. லாரியோ காரைப்போல லட்சக்கணக்கில் விற்பதில்லை. அதனால் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் கேபின் வாங்கியது. சில இடங்களில் பல கம்பெனிகள் கூடி ஒரே கேபினை வரைந்தன. ஒன்றை ஒன்று விழுங்கிய பிறகு பெயரை மட்டும் மாற்றி ஓட்டியதும் உண்டு.

முகப்புக்கு அடுத்து ஆர்வலர்கள் நம்புவது வண்டியில் பொறித்த பெயரையும் எண்ணையும். மூன்றாவது வழி கொஞ்சம் பொறுமை கேட்கும்: எஞ்சின் எங்கே இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்க வண்டியின் உடம்பு எப்படி வளைந்துகொடுத்திருக்கிறது என்று தேடுவது. நான் இந்த மூன்றாவதின் பக்கம். கேபினை மாற்றலாம், எழுத்தைக் கழற்றி ஒட்டலாம். ஒரு டன்னைத் தொடும் எஞ்சினை ஒளித்து வைக்க முடியாது. சில வண்டிகளை அருகருகே நிறுத்திப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

முதலில் ஸ்வீடனின் வோல்வோ எஃப்88, எஃப்89. எஃப்88 வந்தது 1965இல், எஃப்89 வந்தது 1970இல். கேபின் ஒன்றுதான். இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது பழகியவர்களுக்கே கஷ்டம். கிரிலில் இருக்கும் எண்ணைப் படித்தால் தீர்ந்தது என்று நினைப்போம். ஆனால் ஐம்பது வருஷத்தில் எத்தனை கைகள் மாறிய வண்டி, எத்தனை முறை முகப்புப் பாகங்கள் மாற்றப்பட்டிருக்கும்! அந்த எண்ணை நான் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்வேன், தீர்ப்பாக எடுக்கமாட்டேன்.

எஃப்88க்குள் இருந்தது 9.6 லிட்டர் எஞ்சின். எஃப்89க்குள் 12 லிட்டர், 330 குதிரைத்திறன். அந்தப் பெரிய எஞ்சினைப் பழைய கேபினுக்கு அடியில் நேராக நிறுத்த உயரம் போதவில்லை. அதனால் வோல்வோ அதை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தது. சாய்ந்த எஞ்சின் வலப்பக்க ஸ்டியரிங் வர வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டது. விளைவு, எஃப்89 வலப்பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்து வெளிவரவே இல்லை. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அதே காலத்தில் கூடுதல் சக்தி கேட்டபோது, எஃப்88இன் எஞ்சினையே 290 குதிரைத்திறனுக்கு ஏற்றி எஃப்88-290 என்று கொடுத்தார்கள்.

ஆக, படத்தில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தால் கிரிலில் என்ன எழுதியிருந்தாலும் அது எஃப்88தான் என்று துணிந்து சொல்லலாம். பின்னாளில் யாராவது மாற்றிக் கட்டியிருந்தால்தான் விலக்கு. ஆனால் இந்தக் குறி ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும். இடப்பக்க ஸ்டியரிங் என்பதாலேயே எஃப்89 ஆகிவிடாது, ஏனென்றால் இடப்பக்க எஃப்88 ஐரோப்பா முழுக்க ஓடியது. 1970களில் பிரிட்டனிலிருந்து துருக்கி, ஈரான் வழியில் போன லாரிகளின் படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் ஓட்டுநர்களே நீண்ட பயணத்துக்கு இடப்பக்க வண்டி வாங்கி ஓட்டினார்கள். நம்பர் பிளேட் பிரிட்டிஷ் என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது.

இதே சிக்கலை ஸ்வீடனின் இன்னொரு கம்பெனி வேறு விதமாகத் தீர்த்தது. ஸ்கேனியா 1969இல் எல்பி140ஐக் கொண்டுவந்தபோது, 14.2 லிட்டர், 350 குதிரைத்திறன் எஞ்சினை வி வடிவில் எட்டு சிலிண்டராக அமைத்தது. அப்படிச் செய்ததில் எஞ்சினின் நீளம் குறைந்து கேபினுக்கடியில் அடங்கியது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அதில் ஒரு நஷ்டம். எல்லாம் ஒழுங்காக உள்ளே அடங்கிவிட்டதால், ஆறு சிலிண்டர் எல்பி110ஐயும் எட்டு சிலிண்டர் எல்பி140ஐயும் உடம்பை வைத்துப் பிரிக்க முடியாது. எழுத்தைத்தான் நம்ப வேண்டும். ஓடும் வண்டி என்றால் காது சொல்லிவிடும், படம் என்றால் அதுவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இனிமேல்தான் வருகிறது: பெர்லியே டிஆர், ஃபோர்டு டிரான்ஸ்கான்டினென்டல். ஒன்று பிரான்ஸின் லியோன் நகரத்துக் கம்பெனி. மற்றது அமெரிக்கப் பெயர் தாங்கி 1975இலிருந்து ஆம்ஸ்டர்டாமில் கட்டப்பட்ட வண்டி. இரண்டுக்கும் கேபின் பெர்லியேயின் கேபி2400. கதவு, கண்ணாடி, கூரையின் வளைவு எல்லாம் ஒன்றே. ஃபோர்டு சொந்தமாகக் கேபின் வரையாமல் பெர்லியேயிடம் வாங்கி, முகப்பை மட்டும் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டது. முகப்பை வைத்து இனங்காண்பவர் இங்கே கிரிலைப் பார்ப்பார். கிரில் கழன்ற வண்டி, இடிபட்ட வண்டி, பக்கவாட்டுப் படம் என்று வந்தால் தடுமாறிப்போவார்.

ஃபோர்டு உள்ளே வைத்தது அமெரிக்கக் கம்பெனியான கம்மின்ஸின் 14 லிட்டர் எஞ்சின். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் உயரமான எஞ்சின் அது. கியர்பாக்ஸ் ஃபுல்லர், ஆக்சில் ராக்வெல், சேஸிஸ் சட்டமும் அமெரிக்க வழி. இத்தனைக்கும் மேலே கேபினை வைக்க வேண்டும் என்றால் உயர்த்தித்தான் வைக்க வேண்டும். அதனால் டிரான்ஸ்கான்டினென்டல் தன் காலத்து லாரிகளுக்கு நடுவே தலை நிமிர்ந்து நிற்கும். பெர்லியேயில் ஓட்டுநர் ஏறி உட்காருவார், ஃபோர்டில் மாடிக்குப் போவார். இரண்டின் பக்கவாட்டுப் படங்களையும் எடுத்து, கதவின் கீழ்விளிம்பு முன்சக்கரத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கிரில் வேண்டாம், எழுத்து வேண்டாம், அந்த உயரம் ஒன்றே சொல்லிவிடும்.

பெயரெழுத்து இந்த ஜோடியில் வேறொரு உதவி செய்கிறது. 1974இல் ரெனோ பெர்லியேயை வாங்கியது. 1980 வாக்கில் பெர்லியே என்ற பெயரே வண்டிகளிலிருந்து மறைந்து, அதே கேபின் ரெனோ ஆர் வரிசையாக 1990கள் வரை தொடர்ந்தது. ஆக ஒரே கேபினில் பெர்லியே என்று இருந்தால் ஒரு காலம், ரெனோ என்று இருந்தால் இன்னொரு காலம். பெயரெழுத்தின் உண்மையான பலம் இதுதான் என்பேன். வண்டி எது என்பதைவிட எப்போது என்பதை அது நன்றாகச் சொல்லும். ஸ்கேனியா-வாபிஸ் என்ற இரட்டைப் பெயர் 1968இல் வெறும் ஸ்கேனியா ஆனதும் இதே மாதிரி ஒரு காலக்குறி. டிரான்ஸ்கான்டினென்டல் கடைசிக் காலத்தில் ஆம்ஸ்டர்டாமை விட்டு இங்கிலாந்தின் சாண்ட்பாக்கில், ஃபோடன் கம்பெனியின் ஆலையில் கட்டப்பட்டு 1980களின் நடுவில் நின்றுபோனது. மொத்தம் பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை. இன்று ஒன்றைப் பார்க்கக் கிடைப்பதே பாக்கியம்.

கேபின் பகிர்வின் உச்சம் 'நால்வர் கூட்டு'. வோல்வோ, நெதர்லாந்தின் டாஃப், பிரான்ஸின் சாவியம், ஜெர்மனியின் மாகிரஸ்-டாய்ட்ஸ் நான்கும் 1971இல் கைகோத்து, 1975இல் ஒரே கேபினோடு வண்டிகளை இறக்கின. இவை நடுத்தர எடை லாரிகள்தான். ஆனாலும் கனரக வண்டி தேடுகிறவர்களை அதிகம் குழப்புவது இந்தக் கேபின். இதில் மாகிரஸைத் தனியே பிரிப்பது சுலபம். டாய்ட்ஸ் எஞ்சின்கள் காற்றால் குளிர்பவை. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, விசிறியின் சீறல் மட்டும் உண்டு. மற்ற மூன்றிலும் தண்ணீர் எஞ்சின். அந்த மூன்றைத் தங்களுக்குள் பிரிக்க எனக்குத் தெரிந்த நேர்வழி கிரிலும் எழுத்தும்தான். என் வழிக்கு இங்கே முக்கால்வாசி தோல்வி.

ஜெர்மனிக்குள்ளேயே இன்னொரு பழைய குழப்பம் சிங்கம். மான் (MAN) என்ற ஜெர்மன் கம்பெனியின் லாரி முகப்பில் சிங்கத்தைப் பார்த்துப் பழகியவர்கள், சிங்கம் இருந்தால் மான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பியூசிங் கம்பெனியின் சிங்கம், பிரவுன்ஷ்வைக் ஊரின் சின்னம். 1971இல் மான் பியூசிங்கை வாங்கியபோது சிங்கமும் கூடவே வந்தது. ஆகவே அதற்கு முந்திய வண்டியில் சிங்கம் இருந்தால் அது பியூசிங்தான். பியூசிங்கைச் சின்னம் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். அவர்களுடைய தனிச்சிறப்பு, எஞ்சினைப் படுக்கவைத்து இரண்டு ஆக்சிலுக்கு நடுவே சட்டத்துக்கு அடியில் தொங்கவிடுவது. மற்ற லாரிகளில் டீசல் டேங்கும் காற்றுக் கலனும் இருக்கும் பக்கவாட்டு இடத்தில் பியூசிங்கின் எஞ்சின் எட்டிப் பார்க்கும். கேபினுக்குள் நடுவே புடைத்து நிற்கும் எஞ்சின் மூடியும் இருக்காது. ஓட்டுநருக்குச் சூடும் சத்தமும் குறைவு. என்ன அழகான யோசனை! அதை வேறு லாரிக் கம்பெனிகள் பெரிதாகத் தொடராமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்.

செக் நாட்டின் டாட்ரா லாரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் பொறியாளர் ஹான்ஸ் லெட்விங்கா 1920களில் வகுத்த வழியில், இரண்டு நீளச் சட்டங்களுக்குப் பதில் நடுவே ஒரு தடித்த குழாய் முதுகெலும்பாக ஓடும். ஆக்சில்கள் அதிலிருந்து இரண்டு பக்கமும் சிறகு மாதிரி தனித்தனியே அசையும். பாரம் இல்லாமல் நிற்கும் டாட்ரா 111, 138, 148 எதையும் பின்னாலிருந்து பாருங்கள். சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே ஒடுங்கி, மேல்பகுதி வெளியே விரிந்திருக்கும். பாரம் ஏறினால் நேராகிவிடும். இங்கே முகப்பைப் பார்க்கவே தேவையில்லை.

சரி, எஞ்சினைத் தேடும் வழி முற்றிலும் கைவிடும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 1951இல் ஆல்பியன், 1962இல் ஏஇசி என்ற இரண்டு பிரிட்டிஷ் லாரிக் கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்ட பிரிட்டனின் லேலண்ட், 1964இல் எர்கோமேட்டிக் என்ற சாய்கேபினை, அதாவது எஞ்சினைத் தொட முன்னால் சாய்க்கக்கூடிய கேபினை, அறிமுகம் செய்தது. வரைந்தவர் இத்தாலியின் மிக்கேலோட்டி. லேலண்ட், ஏஇசி, ஆல்பியன் மூன்றுக்கும் அதே கேபின். லேலண்ட் பீவரையும் ஏஇசி மாண்டேட்டரையும் பக்கத்தில் நிறுத்தினால், ஒன்றில் 11.1 லிட்டர் ஆறு சிலிண்டர், மற்றதில் 11.3 லிட்டர் ஆறு சிலிண்டர். இரண்டும் கேபினுக்கு அடியில் ஒரே இடத்தில். உயரம், ஸ்டியரிங், சக்கர நிலை எதுவும் துப்பு தராது.

அங்கே பெயர்தான் கை கொடுக்கிறது, அதுவும் குடும்பப் பெயர் மாதிரி. ஏஇசி லாரிகளுக்கு எம் ஒலியில் தொடங்கும் பெயர்கள்: மெர்க்குரி, மார்ஷல், மாண்டேட்டர், மாமத் மேஜர். லேலண்டுக்குப் பெரும்பாலும் விலங்குகள்: பீவர், ஹிப்போ, ஆக்டோபஸ். ஆல்பியன் ஸ்காட்லாந்துக் கம்பெனி, அதனால் ரீவர், கிளைட்ஸ்டேல், சீஃப்டன் என்று அந்த மண்ணின் வாசனை அடிக்கும். ஏஇசியின் நீல முக்கோணச் சின்னமும் கவனிக்கத் தக்கது. படத்தில் எழுத்தின் பாதி தெரிந்தால்கூட இந்தக் குடும்பப் பழக்கத்தை வைத்து மீதியை ஊகிக்கலாம்.

பீவர், ஹிப்போ, கோமெட் என்ற பெயர்கள் நம்மூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையிலிருந்து அதே பெயர்களோடு லாரிகள் வந்தன. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு உள்ளூர் பட்டறையில் மரத்தாலும் தகட்டாலும் கேபின் கட்டப்பட்டதால், முகப்பை வைத்து எதுவுமே சொல்ல முடியாது. தச்சருடைய கைவண்ணம்தான் தெரியும். பிற்பாடு 1990களில் அதே கம்பெனி கொண்டுவந்த கார்கோ லாரியின் கேபினோ நேரெதிர்க் கதை. பெயர் அசோக் லேலண்ட், கேபின் 1981இல் இங்கிலாந்தின் லாங்லியில் பிறந்த ஃபோர்டு கார்கோவுடையது. 1986இல் ஃபோர்டின் பிரிட்டிஷ் லாரிப் பிரிவோடு கூட்டுச் சேர்ந்த இத்தாலியின் இவெகோ, அடுத்த வருஷம் அசோக் லேலண்டிலும் பங்கு எடுத்தது. அந்த வழியாகத்தான் அது இங்கே வந்தது. சென்னையின் ஜிஎஸ்டி சாலையில் லேலண்ட் என்ற பெயரோடு அந்தக் கேபின் போவதை இங்கிலாந்து ஆர்வலர் ஒருவர் பார்த்தால் ஒரு நிமிஷம் திகைத்து நிற்பார். ஏனென்றால் அவருடைய ஊரில் ஃபோர்டும் லேலண்டும் அந்தக் காலத்தில் பரம எதிரிகள்.