நகையில் உள்ள ஆறு இலக்க எண் அந்த நகைக்கு உரியதுதானா என்று பாருங்கள்

தங்க நகையில் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோண முத்திரையும், 22 காரட் (ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம்) என்பதைக் குறிக்கும் 22கே916 என்ற தரக் குறியும், அந்த நகைக்கு மட்டுமே உரிய, எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணும் இருந்துவிட்டால் தரத்தைப் பற்றிக் கவலை இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இந்த மூன்றும் பளிச்சென்று பொறிக்கப்பட்டிருந்த ஓர் ஆரத்தில் எங்கள் குடும்பம் ஏறத்தாழ அரைப் பவுன் தங்கத்தை இழந்திருக்கிறது. முகூர்த்த மாதங்களில் நகை எடுக்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தங்கையின் திருமணத்துக்காகத் தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் பகுதியில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு கடையில் 6 பவுனில், அதாவது 48 கிராமில், கல் வைக்காத ஆரம் ஒன்று எடுத்தோம். கடைக்காரரே லென்ஸை எடுத்துக் கொடுத்து, கொக்கியை ஒட்டிய சிறு தகட்டில் லேசரால் பொறித்திருந்த முத்திரையைக் காட்டினார். அச்சிட்ட பில்லில் நிகர எடை, 22 காரட் 916 என்ற தரம், செய்கூலி, சேதாரம், ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாய், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக இருந்தன. எச்.யு.ஐ.டி. எண்ணைப் பதிந்தால் நகையின் விவரத்தைக் காட்டும் பி.ஐ.எஸ். கேர் செயலியில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அப்பா சொன்னபோது, "சர்வர் வேலை செய்யவில்லை ஐயா, முத்திரைதான் கண்ணெதிரே இருக்கிறதே" என்று சொல்லி, நகையைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

குறுவைச் செலவுக்காகத் தங்கையின் கணவர் அந்த ஆரத்தை வங்கிக்கு எடுத்துச் சென்றபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நகை மதிப்பீட்டாளர் ஆரத்தின் குண்டு ஒன்றை உரைகல்லில் தேய்த்து, பக்கத்திலேயே தரம் தெரிந்த 22 காரட் தங்கத்தால் ஒரு கோடு இழுத்து, இரண்டின் மேலும் அமிலத்தைத் தடவினார். அவருடைய கோடு நின்றது. ஆரத்தின் கோடு மங்கியது. "இது 22 இல்லை சார், இதற்கு இந்த மதிப்பு போட முடியாது" என்று அமைதியாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் பதிந்து பார்த்தோம். எண் இருந்தது, 22 காரட் என்றும் இருந்தது. ஆனால் பொருளின் வகை என்ற இடத்தில் மோதிரம் என்று இருந்தது. எங்கோ, யாருக்காகவோ முறைப்படி சோதிக்கப்பட்ட ஒரு மோதிரத்தின் எண்ணைப் பார்த்து எங்கள் ஆரத்தில் பொறித்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். 2021 ஜூன் 16 முதல் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயம் என்பது நாட்டின் 256 மாவட்டங்களில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் எச்.யு.ஐ.டி. வந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. அதற்கு முந்தைய முத்திரையில் கடையின் அடையாளமும் சோதனை மையத்தின் அடையாளமும் இருந்தன. ஒரு கடையின் ஆயிரம் நகைகளுக்கும் அவை ஒன்றேதான். எச்.யு.ஐ.டி. எண்ணோ ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. ஆகவே நகையில் ஏதோ ஓர் எண் இருக்கிறது என்பதால் எந்தப் பயனும் இல்லை. அந்த எண்ணைப் பதிந்தால் வரும் விவரமும் கையில் இருக்கும் நகையும் ஒத்துப்போனால்தான் அதற்கு மதிப்பு. செயலியில் கடைப் பெயர் வேறாக இருப்பதை மட்டும் வைத்து ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம், ஏனெனில் மொத்த வியாபாரியோ நகை செய்து கொடுப்பவரோ முத்திரை போட்டுக் கொடுத்த சரக்கைச் சில்லறைக் கடைகள் வாங்கி விற்பது வழக்கம். ஆரம் மோதிரமாக இருப்பதற்கு அப்படி எந்தச் சமாதானமும் இல்லை. நகை வாங்கிய தேதிக்குப் பிறகு ஹால்மார்க் செய்யப்பட்டதாகக் காட்டினாலும் அப்படியே.

அடுத்து, திருச்சியில் பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற சோதனை மையம் ஒன்றுக்குப் போனோம். பொதுமக்களும் நகையை நேரடியாகக் கொடுத்துச் சோதிக்கலாம், நான்கு நகைகள் வரை கட்டணம் 200 ரூபாய் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. முதலில் எக்ஸ்ரே கருவியில் வைத்தார்கள். முத்திரை இருந்த தகடு 916 காட்டியது. குண்டுகளும் இணைப்புகளும் அதற்குக் கீழே காட்டின. தகட்டை மட்டும் நல்ல தங்கத்தில் செய்து பற்றவைத்திருக்கிறார்கள் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தோம். பல கடைகளில் நம் எதிரில் வைத்துக் காட்டும் கருவியும் இதே வகைதான். அது தன் கதிர் படும் இடத்தின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால், எந்த இடத்தை வைத்துக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து விடையும் மாறும். பிறகு ஆரத்தின் உடற்பகுதியிலிருந்து சிறிது தங்கத்தை எங்கள் சம்மதத்தோடு வெட்டி எடுத்து, ஈயத்தோடு சேர்த்து உலையில் புடமிட்டு, நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைப் பிரித்து, எஞ்சிய தூய தங்கத்தை நிறுத்தார்கள். ஆயிரத்துக்கு 840 என்று அறிக்கை வந்தது. 916 விலை கொடுத்த 48 கிராமில் இந்தக் குறைவு, 22 காரட் கணக்கில் 4 கிராமுக்குச் சமம். இல்லாத அந்தத் தங்கத்துக்குச் சேதாரமும் வரியும்கூட நாங்கள் கொடுத்திருக்கிறோம்.

அறிக்கையோடு கடைக்குப் போனபோது, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்திலிருந்து சோதனைக்குத் தங்கம் எடுத்திருப்பார்கள், பற்றவைப்பில் இவ்வளவு குறைவது சகஜம் என்றார் கடைக்காரர். இது பொய். 916 என்று முத்திரையிட்ட நகை ஆயிரத்துக்கு 916க்குக் கீழே இறங்க இந்தியத் தர விதியில் இடமே இல்லை. செயலியில் மோதிரம் என்று இருப்பதைக் காட்டியதும் பேச்சு மாறியது. "தம்பி, ஆரத்தை வைத்துவிட்டுப் போங்கள், பழைய நகைக் கணக்கில் எடுத்துக்கொண்டு புதுசு தருகிறேன்" என்றார். அப்படிக் கொடுத்திருந்தால் சேதாரம் மறுபடியும் எங்கள் தலையில் விழுந்திருக்கும். சான்று அவர் கைக்குப் போய், அன்று மாலையே உருகியிருக்கும். இதுபோன்ற நிலையில் இருப்பவர்கள் நகையைத் தயவுசெய்து கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

முத்திரையில் சொன்ன தரம் குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன. போலி முத்திரை அதைவிடப் பெரிய குற்றம்; ஓராண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் செயலி வழியாகவே பி.ஐ.எஸ்.ஸுக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. அங்கே 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை பில்தான். எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டைக் கொடுத்து, ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சொல்கிற கடையில் வாங்கியவர்களுக்கு எங்களுக்கு இருக்கும் இந்தப் பிடிகூட இருக்காது. பில்லில் நகையின் பெயர், நிகர எடை, காரட்டும் அதன் எண்ணும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும், எச்.யு.ஐ.டி. எண்ணையும் அதிலேயே எழுதிக் கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் சொந்தப் போனில், உங்கள் சொந்த இணையத்தில் எண்ணைப் பதிந்து, பொருளின் வகை, தரம், தேதி மூன்றையும் பாருங்கள். சர்வர் வேலை செய்யவில்லை என்றால் வேலை செய்யும் நாளில் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருக்கும் எச்.யு.ஐ.டி. நகைகளையும் இன்றே ஒவ்வொன்றாகப் பதிந்து பார்த்துவிடுங்கள். வகை மாறிக் காட்டினால் அந்தத் திரையைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கடைக்குச் சொல்வதற்கு முன் சோதனை மையத்துக்குப் போங்கள்.