‘எல் அலமெய்னிலிருந்து ஹாம்பர்க் வரை’: பழைய ராணுவ பைக் வாங்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போர் கால ராணுவ பைக் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பி.எஸ்.ஏ. எம்20 என்று சொல்லி எனக்கு விற்றார்கள். அது எம்20தான், அதில் பொய் இல்லை. ஆனால் ‘போரில் ஓடிய வண்டி’ என்று 6,400 பவுண்டு வாங்கிக்கொண்டு கொடுத்தது, போர் முடிந்த பிறகு பொதுமக்களுக்காகச் செய்த ஒரு வண்டியின் பிரேமை எடுத்து, எங்கோ கிடைத்த ராணுவ இன்ஜினை அதில் மாட்டி, எண்ணைத் திருத்தி, மேலே பச்சை அடித்த ஒன்று.

விற்றவர் பெயரை எழுதப்போவதில்லை. பணம் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது, இனி ஒரு வக்கீல் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்குத் தெம்பு இல்லை. அவர் பெயர் தெரிவதைவிட அவர் எப்படிச் செய்தார் என்று தெரிவது உங்களுக்குப் பயன்படும். கடையும் தள்ளுவண்டி அல்ல. ராணுவ வாகனக் கண்காட்சிகளில் பெரிய கூடாரம் போடுகிற டீலர்.

எம்20 பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பர்மிங்ஹாமில் ஸ்மால் ஹீத் என்ற இடத்தில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில் 1937-லிருந்து செய்யப்பட்ட 496 சி.சி. சைடு வால்வு பைக். கனமானது, வேகம் கிடையாது, ஆனால் யார் வேண்டுமானாலும் ஸ்பேனரோடு உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். போருக்காக ஏறக்குறைய 1,26,000 வண்டிகள் செய்தார்கள். போர் முடிந்ததும் அதே வண்டியைக் கறுப்புப் பூச்சோடு பொதுமக்களுக்கு விற்றார்கள். வித்தை காட்டுவதற்கு இடம் அங்கேதான் கிடைக்கிறது. இரண்டுக்கும் உருவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் போர்க்கால வண்டி என்று நிரூபிக்க முடிந்தால் சேகரிப்பவன் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறான்.

வண்டியோடு ஒரு கோப்பு கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் ‘எல் அலமெய்னிலிருந்து ஹாம்பர்க் வரை’ என்று தலைப்பு, அதாவது எகிப்துப் பாலைவனத்திலிருந்து ஜெர்மனி வரை. 1941-இல் செய்யப்பட்டது, 7-ஆவது கவசப் பிரிவோடு வட ஆப்பிரிக்கா, இத்தாலி, நார்மண்டி எல்லாம் பார்த்தது என்று கதை. இம்பீரியல் வார் மியூசியம் புகைப்படம் ஒன்றின் நகல், அதில் முகம் தெரியாத ஒரு சிப்பாய் எம்20 மேல். பெட்ரோல் டேங்கின் பக்கத்தில் அந்தப் பிரிவின் சின்னமான சிவப்புப் பாலைவன எலி. இந்த எலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விற்பனைக்கு வரும் ராணுவ வண்டிகளைப் பார்த்தால், பிரிட்டிஷ் படையில் பாலைவன எலிகளையும் பாராசூட் படையையும் தவிர வேறு ஆளே இல்லையோ என்று தோன்றும். யார்க்‌ஷயரில் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குத் தபால் கொண்டுபோன வண்டி ஒன்றுகூட இன்றைக்கு உயிரோடு இல்லை போலிருக்கிறது!

அந்தக் கதை ஆரம்பத்திலேயே இடித்தது. 7-ஆவது கவசப் பிரிவு 1943 கடைசியில் இத்தாலியை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பியபோது வாகனங்களை அங்கேயே விட்டுவிட்டுத்தான் கிளம்பியது. தேய்ந்துபோன அந்த வண்டிகள் கனடாவின் 5-ஆவது கவசப் பிரிவின் தலையில் விழுந்தன. நார்மண்டிக்குப் போனது புதிய வாகனங்களோடு. ஆகவே அலமெய்ன் மணலைப் பார்த்த பைக் அதே பிரிவோடு ஹாம்பர்க் போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை. இதை நேரிலேயே டீலரிடம் சொன்னேன். “முன்னாடி வைத்திருந்தவர் சொன்னது சார், நான் அதற்குக் காசு கேட்கவில்லையே” என்றார். சரி, கதை கிடக்கட்டும், வண்டி என்ன வண்டி என்று மின்னஞ்சலில் தனியாகக் கேட்டேன். பிரேமும் இன்ஜினும் இரண்டும் டபிள்யூ.எம்.20 (ராணுவ எம்20-களின் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து), இரண்டும் ஒரே ராணுவ ஒப்பந்தத்தைச் சேர்ந்தவை, பெயிண்ட்டுக்கு அடியில் பழைய ராணுவப் பூச்சு அப்படியே இருக்கிறது என்று பதில் வந்தது. ரசீதிலும் அதை எழுதித்தரச் சொன்னேன், எழுதித்தந்தார். பிற்பாடு என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

ஓட்டத்தில் வந்த குறைகளைப் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. ‘முழுதாக ரீபில்ட் செய்த இன்ஜின்’ சூடானதும் நின்றுவிடும், ஆறினால் கிளம்பும். இன்ஜினுக்குத் தீப்பொறியும் விளக்குக்கு மின்சாரமும் தருகிற பழைய லூகாஸ் மேக்டைனோக்களுக்கு இது பழக்கமான வியாதி. உள்ளே சுருளோ கண்டென்சரோ போயிருக்கும், பணம் கொடுத்தால் சரியாகிவிடும். எழுபது எண்பது வயது இயந்திரம், அதை மோசடி என்று சொல்ல மாட்டேன்.

மோசடி வெளியே வந்தது பின்பக்கப் பை மாட்டும் கம்பிச் சட்டத்தைக் கழற்றியபோது. போல்ட் இருந்த இடத்தில் பெயிண்ட் அடுக்கடுக்காக உரிந்தது. பச்சை, அதற்குக் கீழே சாம்பல் பிரைமர், அதற்குக் கீழே பளபளக்கிற கறுப்பு எனாமல், பிறகு இரும்பு. அவ்வளவுதான். இந்த வரிசை ஏன் தவறு என்றால், பிரிட்டிஷ் ராணுவம் போர்க்காலத்தில் நிறத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் காக்கிப் பச்சை. 1941-க்குப் பிறகு எஸ்.சி.சி. 2 என்ற பழுப்பு நிறம் வந்து 1944 வரை ஆட்சி செய்தது. எல்லோரும் ‘ராணுவப் பச்சை’ என்று நினைக்கிற ஆலிவ் நிறம், எஸ்.சி.சி. 15, 1944 ஏப்ரலில்தான் வந்தது. 1941-இல் செய்த வண்டியில் ஆலிவ் பச்சைக்குக் கீழே காக்கிப் பச்சையோ பழுப்போ ஏதாவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பாலைவனத்துக்குப் போனதென்றால் மணல் நிறமும் இருக்க வேண்டும். மணலை வேகமாக ஊதிப் பழைய பூச்சை முழுதாகச் சுரண்டிய வண்டியில் எதுவும் இல்லாமல் போகலாம், அது வேறு. இதில் கறுப்பு எனாமல் அப்படியே இருந்தது. பழுப்பின் சுவடுகூட இல்லை.

அப்புறம் பிரேம் எண். எம்20-இல் அது ஹேண்டில்பார் பொருந்தும் கழுத்துப் பகுதியில் இடது பக்கம் குத்தியிருக்கும். பெயிண்ட் ரிமூவர் தடவி, துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்கள் சீரான ஆழத்தில், ஓரம் மழுங்கி இருந்தன. முன்னால் இருந்த ‘டபிள்யூ’ மட்டும் கூர்மையாக, ஆழமாக, கொஞ்சம் சாய்ந்து நின்றது. அந்த எழுத்தைச் சுற்றி மட்டும் உலோகம் அரம் போட்டதுபோல் தாழ்ந்திருந்தது. உற்றுப் பார்த்தால் ‘டபிள்யூ’வின் காலுக்கு அடியில் குறுக்காக ஒரு கோடு தெரிந்தது, ‘எக்ஸ்’ எழுத்தின் மிச்சம்.

எக்ஸ்.எம்.20 என்பது போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்த வண்டிகளின் முன்னெழுத்து. பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின் அனுப்புப் பதிவேடுகள் பர்ட்டன்-அப்பான்-ட்ரெண்ட் ஊரில் இருக்கும் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்தில் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் தேடித் தருவார்கள். எண்ணை இரண்டு முன்னெழுத்துகளோடும் பார்க்கச் சொல்லி எழுதினேன். ‘எக்ஸ்’ போட்ட எண் 1947-இல் ஒரு சாதாரண மோட்டார் சைக்கிள் கடைக்கு அனுப்பப்பட்டிருந்தது. இன்ஜின் மட்டும் உண்மையான ராணுவ ஒப்பந்தத்தைச் சேர்ந்தது.

டேங்கில் எழுதியிருந்த ராணுவப் பதிவு எண்ணும் அடிபட்டது. அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ‘சி’, லாரிக்கு ‘எல்’, போர் டேங்கிக்கு ‘டி’ என்று ஓர் எழுத்து, அதற்குப் பின் எண். ஒப்பந்தம் வாரியாகத் தொகுதி தொகுதியாக ஒதுக்குவார்கள். என் டேங்கில் இருந்தது வேறொரு கம்பெனியான நார்ட்டனின் 16எச் பைக்குகளுக்கு ஒதுக்கிய தொகுதியிலிருந்து ஓர் எண். ஏதோ புகைப்படத்தைப் பார்த்து ஸ்டென்சில் வெட்டியிருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிரேம் எண்ணும் இன்ஜின் எண்ணும் பொருந்தவில்லை என்றால் உடனே திருடன் என்று கத்தாதீர்கள். ராணுவப் பணிமனைகளில் வண்டிகளைப் பிரித்து, கைக்கு வந்த இன்ஜினைக் கைக்கு வந்த பிரேமில் மாட்டி அனுப்புவது சர்வசாதாரணம். பொருந்தாத எண்களோடு நேர்மையான ராணுவ வண்டிகள் நிறைய இருக்கின்றன. சொல்லப்போனால் எல்லாம் அழகாகப் பொருந்துகிறது என்று சொல்லும்போதுதான் டார்ச்சை எடுக்க வேண்டும். எண்ணைத் திருத்தியது வேறு விஷயம். திருத்திய பிரேம் திருட்டு வண்டியின் அடையாளமாகவும் இருக்கலாம், அதைக் கையில் வைத்திருப்பதே தலைவலி.

டீலரிடம் போனேன். முதல் பதில்: “தொழிற்சாலையில் குண்டு விழுந்தபோது ரிக்கார்டு எல்லாம் எரிந்துபோச்சு சார், அந்தக் கிளப்காரர்கள் ஊகத்தில் சொல்வது.” குண்டு விழுந்தது உண்மைதான். 1940 நவம்பர் 19 இரவு ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் 53 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அந்தச் சாவை இவர் தன் ரசீதுக்குச் சாக்காக்கியதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. 1940-இல் விழுந்த குண்டு 1947-ஆம் ஆண்டுப் பதிவை எப்படி எரிக்கும் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

இரண்டாவது பதில், இது வேறொருவர் வண்டி, நான் இடையில் நின்று விற்றுக்கொடுத்தேன், அதனால் தனிநபர் விற்பனை என்பது. இந்த வார்த்தையைக் கவனியுங்கள். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வியாபாரியிடம் வாங்கினால்தான் முழுதாகத் துணைக்கு வரும். பொருள் சொன்னபடி இல்லையென்றால் முதல் 30 நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அது தாண்டினாலும் வழி உண்டு, ஆனால் சரிசெய்யவோ மாற்றித்தரவோ வியாபாரிக்கு முதலில் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பதிவேட்டுக் கடிதம் வருவதற்குள் என் 30 நாள் கடந்திருந்தது. நல்லவேளை, ரசீது அவர் கடைத் தலைப்பில்தான் இருந்தது, வேறு யார் பெயரும் அதில் இல்லை. 1947-ஆம் ஆண்டுப் பிரேமை 1941 ஆக்கிச் சரிசெய்யவும் முடியாது.

பணம் கேட்டுக் கெடு வைத்துக் கடிதம் எழுதினேன். இல்லையென்றால் சிறு வழக்கு மன்றம் என்று குறிப்பிட்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரைக்கும் வக்கீல் இல்லாமலே அங்கே போகலாம். வழக்கு மனு அனுப்பிய பிறகுதான் அசைந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு விலையைத் திருப்பித் தந்தார். வண்டியைக் கொண்டுவந்த வாடகை, மேக்டைனோ வேலை, பதிவேட்டுக் கட்டணம் எல்லாம் என் கணக்கில் போனது.

வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பிரேம், இன்ஜின் எண்களைப் பெயிண்ட் இல்லாமல் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘பெயிண்ட் கெட்டுவிடும்’ என்றால் கைப்பிடி அகலத்துக்கு மறுபடி பூச எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள். பதிவேட்டுக் கடிதம் வரும்வரை காத்திருங்கள். பதிவுப் புத்தகமான வி5சி-யை நீட்டினால் மயங்காதீர்கள். அது உரிமைக்கே சான்று இல்லை என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அதில் முதல் பதிவு 1940-களின் கடைசி என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம், ராணுவ வண்டி உபரியாக விற்கப்பட்ட பிறகுதான் சிவில் பதிவுக்கு வரும். பித்தளைத் தகடு, ராணுவச் சொத்து என்று காட்டும் அம்புக்குறி முத்திரை குத்திய கான்வாஸ் பை, முகப்பு விளக்கு மூடி எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். புதியது என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை, நானும் வாங்கியிருக்கிறேன். அவற்றைச் சான்றாகக் காட்டினால்தான் விலகி நில்லுங்கள்.

ராயல் என்ஃபீல்டு பிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாராசூட் படையோடு இரும்புக் கூண்டில் இறக்கிய 125 சி.சி. ‘ஃப்ளையிங் ஃப்ளீ’யிலும் இதே கதை நடக்கிறது. போருக்குப் பிறகு வந்த சிவிலியன் வண்டி ஏறக்குறைய அதே வடிவம். பச்சை பூசி, கூண்டு ஒன்றை வெல்டிங் செய்து வைத்தால் நெதர்லாந்தின் ஆர்னம் போர்க்களத்திலிருந்து வந்ததாகிவிடும்.

நான் திருப்பிக் கொடுத்த எம்20 மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. எலி இருக்கிறது, ஹாம்பர்க் காணவில்லை. இப்போது மணல் நிறத்தில், ‘வட ஆப்பிரிக்கப் போர்முனை’ என்ற பெயரில், விலை 6,900 பவுண்டு. முன் ஃபோர்க்கின் இடது கீழ்ப்பக்கம் பித்தளைப் பற்றவைப்பு ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். பிரேம் எண்ணில் ‘டபிள்யூ’ சாய்ந்திருக்கும். பார்த்தால் வேறு கூடாரத்துக்குப் போய்விடுங்கள்.